எங்கள் புளோக்கின் தலைக்கு மேல்

எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு என்ன வண்ணம் பூசுவது என்று எங்களைக் கேட்டார்கள். கீழ்த்தளத்தில், அஞ்சல் பெட்டிகளுக்கு எதிரே, மூன்று பலகைகளில் மூன்று வண்ணக் கலவைகளை வரைந்து வைத்து, வீட்டுக்கு ஒரு வாக்குச்சீட்டும் கொடுத்திருந்தார்கள். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) இல்ல மேம்பாட்டுத் திட்டம் எங்கள் பகுதிக்கு வந்தபோதும் வாக்கெடுப்பு நடந்தது. தகுதிபெற்ற குடும்பங்களில் 75 விழுக்காட்டினர் சரி என்றால்தான் வேலையே தொடங்கும் என்பது அந்தத் திட்டத்தின் விதி. நீர்த்தொட்டி கழுவும் நாளும் கொசுப்புகை அடிக்கும் நேரமும் மின்தூக்கிக்குப் பக்கத்தில் நான்கு மொழிகளில் ஒட்டப்படுகின்றன. ஆனால் சென்ற ஆண்டு ஒரு காலையில் புளோக்கின் மேற்கூரையில் துளைபோடும் சத்தம் கேட்டு, மதியத்துக்குள் கூரை விளிம்பில் ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவான மூன்று சாம்பல் நிறப் பெட்டிகள் (கைப்பேசி ஆண்டெனாக்கள்) ஆளுக்கொரு திசையைப் பார்த்து நின்றபோது, அவை ஏன் வந்தன, யார் வைத்தார்கள், எவ்வளவு காலம் இருக்கும் என்பதைச் சொல்லும் ஒரு துண்டுத்தாளைக்கூட நாங்கள் எங்கும் காணவில்லை.

நாங்கள் சிங்கப்பூரின் ஈசூனில், பன்னிரண்டு மாடி புளோக் ஒன்றின் கடைசித் தளத்தில் இருக்கிறோம். எதிர்வீட்டில் இருக்கும் அண்ணன் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வுபெற்றவர்; உயரமும் இரும்பும் அவருக்குப் புதிதல்ல. அன்று மாலை தாழ்வாரத்தின் ஓரத்தில் நின்று, கழுத்தை வளைத்து மேலே பார்த்துவிட்டு அவர் சொன்னது இரண்டே வாக்கியம். "தம்பி, அது நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியாது. நம்மள ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

இந்தக் கட்டுரை முழுவதும் அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பற்றியதுதான். ஆனால் முதல் வாக்கியத்தைக் கடக்காமல் அதற்குப் போக முடியாது. ஏனென்றால் அடுத்த ஒரு வாரத்தில் எங்கள் தளத்தில் யாருமே "கேட்டார்களா" என்று பேசவில்லை. எல்லோரும் "புற்றுநோய் வருமா" என்றுதான் பேசினார்கள். மூலைவீட்டுச் சீனப் பாட்டி கட்டிலைச் சுவர் மாற்றிப் போட்டார். என் மனைவியின் கைப்பேசிக்கு ஒரே நாளில் நான்கு காணொளிகள் வந்தன. அவற்றில் ஒன்று, 2020 ஏப்ரலில் பிரிட்டனில் 5ஜி அலைதான் கொவிட்டைப் பரப்பியது என்ற புரளியை நம்பிச் சிலர் கைப்பேசிக் கம்பங்களுக்குத் தீவைத்த காட்சி.

நான் கட்டட நிர்வாகத் தொழிலில் இருப்பவன். கூட்டுரிமைக் குடியிருப்புகளின் பொது இடங்களைப் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் பதினைந்து ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். மேற்கூரைச் சாவியைத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் ஒப்பந்ததாரரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. அதாவது, மற்றவர்களின் தலைக்கு மேல் இந்தப் பெட்டிகள் ஏறுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். என் தலைக்கு மேல் ஏறும்வரை அதைப் பற்றி எனக்கு எந்தக் கருத்தும் இருக்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

எதிர்வீட்டு அண்ணன் சும்மா இருக்கும் ஆள் இல்லை. இணையத்தில் ஓர் அலை அளக்கும் கருவியை வாங்கிவிட்டார். உள்ளங்கை அளவு, மஞ்சள் உறை, தலையில் பந்துபோல ஓர் உணரி. ஞாயிற்றுக்கிழமை காலை கோப்பி குடித்த கையோடு இருவரும் அளக்கக் கிளம்பினோம். அவர் வீட்டு வாசலில் திரையில் தோன்றிய எண் ஆயிரத்துக்குச் சற்றுக் கீழே இருந்தது. அண்ணனின் முகம் மாறியது. ஆயிரம் என்பது பெரிய எண்தானே. அதன் பக்கத்தில் எறும்பளவு எழுத்தில் இருந்த அலகைப் படித்துக் காட்டினேன்: ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை மைக்ரோவாட். பத்து லட்சம் மைக்ரோவாட் சேர்ந்தால்தான் ஒரு வாட். கருவி காட்டியது ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கருவியைச் செய்தவர்கள் வேண்டுமென்றே மைக்ரோவாட்டில் காட்டுகிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, 0.001 என்று காட்டும் கருவியை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

பிறகு எதிர் புளோக்கின் பன்னிரண்டாம் மாடிக்குப் போனோம். அங்கே எண் மூன்று மடங்கு கூடியது. அண்ணனுக்கு இது புரியவே இல்லை: பெட்டி நம் கூரையில், அலை அவர்கள் வாசலில். இந்தத் தகட்டு ஆண்டெனாக்கள் விளக்குப்போல எல்லாப் பக்கமும் சிந்துவதில்லை. கைவிளக்கின் ஒளிக்கற்றைபோல, அடிவானத்தை நோக்கி, ஒருசில பாகை மட்டும் கீழே சாய்ந்து வீசுகின்றன. ஏறத்தாழ 36 மீட்டர் உயரத்தில் இருந்து 5 பாகை சாய்த்து வைத்தால் அந்தக் கற்றையின் நடுக்கோடு தரையைத் தொடுவது 400 மீட்டருக்கு அப்பால். நேர் கீழே இருக்கும் வீட்டுக்கும் ஆண்டெனாவுக்கும் இடையில் கான்கிரீட் கூரையும் இருக்கிறது. ஆக, ஆண்டெனா வந்ததும் முதலில் பயப்படுகிற கடைசித் தளத்து வீடுகள்தாம் அதன் கற்றையில் இருந்து மிகவும் விலகியிருப்பவை.

திரும்பும்போதுதான் அந்த வேடிக்கை நடந்தது. மின்தூக்கிக்குள் அண்ணனின் கைப்பேசி ஒலித்தது. ஆஸ்திரேலியாவின் பேர்த்தில் இருக்கும் மகள். அவர் எடுத்துப் பேசத் தொடங்கியதும், அவர் இடக்கையில் இருந்த கருவி அது காட்டக்கூடிய உச்ச எண்ணையும் தாண்டிப் பீப் என்று கத்தியது. மூடிய இரும்புப் பெட்டிக்குள் சமிக்ஞை நலிந்துவிடும். அப்போது கைப்பேசி தன் முழு வலுவையும் கூட்டித்தான் அலையை வெளியே அனுப்பும். வெளியே தாழ்வாரத்தில், ஆண்டெனாவுக்குப் பக்கத்தில், அதே அழைப்பைத் தொடர்ந்தபோது கருவி அடங்கியது. பக்கத்தில் நிற்பவரிடம் யாரும் கத்திப் பேசுவதில்லை அல்லவா, கைப்பேசியும் அப்படித்தான். ஆண்டெனாவைத் தொலைவுக்கு விரட்டினால், காதோடு ஒட்டி வைத்திருக்கும் கருவி அதிகமாகக் கத்தும்.

ஒரு சிறு கணக்கையும் போட்டுக் காட்டினேன். ஓர் ஆண்டெனாவுக்கு 20 வாட் கொடுத்து, அது ஒரே திசையில் குவிப்பதால் ஐம்பது மடங்கு கூடுகிறது என்று வைத்துக்கொண்டால், கற்றையின் நேர்முன்னே 1,000 வாட்டுக்குச் சமம். 50 மீட்டர் தள்ளி நின்றால் ஒரு சதுர மீட்டருக்கு 0.03 வாட் விழும். 100 மீட்டரில் அதிலும் கால்பங்கு. அனைத்துலக அயனியாக்காக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் பொதுமக்களுக்கு வைத்திருக்கும் வரம்பு, 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 4.5 வாட், 1800 மெகாஹெர்ட்ஸுக்கு 9 வாட், 2000-க்கு மேல் 10 வாட். உடலைச் சூடாக்கித் தீங்கு தரத் தொடங்கும் அளவைக் கண்டு, அதை ஐம்பதால் வகுத்து வந்த வரம்பு அது. ஒரே கூரையில் பத்துக் கற்றைகள் ஒரே திசையில் சேர்ந்தாலும், 50 மீட்டரில் அந்த வரம்பின் பக்கத்தில் போகாது. சிங்கப்பூரில் கதிர்வீச்சுப் பாதுகாப்பைக் கவனிக்கும் தேசியச் சுற்றுப்புற வாரியமும், தன் அளவீடுகளில் கண்ட அளவுகள் இந்த வரம்புக்கு வெகு கீழே இருப்பதாகவே சொல்லிவந்திருக்கிறது.

2011-இல் புற்றுநோய் ஆய்வுக்கான அனைத்துலக முகமை ரேடியோ அலைகளை 2பி பிரிவில் சேர்த்ததை எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். "ஒருவேளை இருக்கலாம்" என்ற பிரிவு அது. ஆசிய முறையில் ஊறவைத்த காய்கறிகளும் அதே பிரிவில்தான் இருக்கின்றன. அந்த முடிவுக்கு முதன்மையான அடிப்படை, கைப்பேசியை மிக அதிகமாகக் காதில் வைத்துப் பேசியவர்களைப் பற்றிய ஆய்வுகள். கூரைமேல் நிற்கும் ஆண்டெனாக்கள் அல்ல. இவ்வளவையும் கேட்டுக்கொண்டு அண்ணன் சொன்னார்: "சரி தம்பி, நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டும். இதை ஏன் நீங்க சொல்லணும்?"

அந்தக் கேள்வி என்னை என் தொழிலுக்கே திருப்பி அனுப்பியது. நான் பார்க்கும் குடியிருப்பு ஒன்றின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தது: மேற்கூரையில் எந்த ஆண்டெனாவும் கூடாது. கைதட்டல் அடங்குவதற்குள் அடுத்த தீர்மானம்: நிலத்தடி கார் நிறுத்துமிடத்தில் சமிக்ஞை கிடைக்காததால் கார் நிறுத்தக் கட்டணச் செயலி வேலை செய்யவில்லை, நிர்வாகம் உடனே ஆவன செய்ய வேண்டும். இரண்டையும் முன்மொழிந்தவர் ஒரே பெண்மணி. அவரைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். இன்று யோசித்தால் அவர் பேச்சில் முரண் ஒன்றும் இல்லை என்று தோன்றுகிறது. சமிக்ஞை எனக்கு வேண்டும். ஆனால் என் வீட்டுக் கூரையைப் பற்றிய முடிவு எனக்குச் சொல்லாமல் எடுக்கப்படக் கூடாது. இரண்டையும் ஒருவர் ஒரே மூச்சில் விரும்பலாம்.

கூட்டத்துக்குப் பிறகு எழுந்து நின்று நான் சொல்ல வேண்டியிருந்த செய்தி அவர்களுக்கு இன்னும் கசந்தது. இந்த நாட்டில் கட்டட உரிமையாளர்கள் தொலைத்தொடர்புச் சட்டத்தின்கீழ் வந்த நடைமுறை விதித்தொகுப்புக்குக் கட்டுப்பட்டவர்கள். 2018 டிசம்பர் 15 முதல் நடப்பில் இருக்கும் அதன் பதிப்பு, கட்டடத்துக்குச் சேவை தரும் கைப்பேசிக் கருவிகளுக்கு நிறுவனங்களிடம் வாடகை வாங்காமல் இடம் ஒதுக்கச் சொல்கிறது. தண்ணீர், மின்சாரத்துக்கு இடம் விடுவதுபோல இதற்கும் விட வேண்டும் என்பதே அதன் நோக்கம். முன்பெல்லாம் மேற்கூரை வாடகையில் நீச்சல்குளத்துக்கு ஓடு மாற்றிய நிர்வாகக் குழுக்கள் உண்டு. அப்போது எதிர்ப்பு இவ்வளவு பலமாக எழவில்லை என்பதையும் நான் கவனித்திருக்கிறேன்.

இப்படி இடம் ஒதுக்கச் சொல்வதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவன் ஆவேன். சிங்கப்பூரில் பத்தில் எட்டுப் பேர் அளவில் வீவக அடுக்குமாடிகளில் வசிக்கிறோம். நம் ஊரில் "வீடுகளில் இருந்து தள்ளி" என்று ஓர் இடமே கிடையாது. வெளிப்புறங்களில் 99 விழுக்காட்டுக்கும் மேல் சமிக்ஞை கிடைக்க வேண்டும் என்று நிறுவனங்களுக்குச் சேவைத்தர நிபந்தனை உண்டு, தவறினால் அபராதம். 2017 ஏப்ரலில் 2ஜி, 2024 ஜூலை முடிவில் 3ஜி என்று பழையவை நிறுத்தப்பட்டன. 2020-இல் உரிமம் வழங்கப்பட்ட 5ஜியின் முக்கிய அலைவரிசை 3.5 கிகாஹெர்ட்ஸ். அலைவரிசை கூடக்கூட அலை சுவருக்குள் புகுவது கடினமாகிறது; ஆகவே ஆண்டெனாக்கள் இன்னும் நெருக்கமாக வேண்டியிருக்கிறது. இந்த நிலையில், வண்ணம் தேர்ந்தெடுத்ததுபோல ஆண்டெனாவுக்கும் வாக்குச்சீட்டு கொடுத்தால் என்ன ஆகும்? எங்கள் புளோக் "பக்கத்துப் புளோக்கில் வையுங்கள்" என்று சொல்லும். பக்கத்துப் புளோக்கும் அதையே சொல்லும். ஈசூன் முழுவதும் மின்தூக்கியில் சிக்கிய கைப்பேசிபோலக் கத்திக்கொண்டிருக்கும். தடுக்கும் உரிமை எனக்கு வேண்டாம். இதை அண்ணனிடமும் சொல்லிவிட்டேன், அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

என் தங்கை லண்டனின் வடமேற்குப் புறநகரில் இருக்கிறாள். அவள் அனுபவம் எங்களுடையதற்கு நேர் எதிர். அவள் தெருமுனையில், விளக்குக் கம்பத்தில், பிளாஸ்டிக் உறைக்குள் ஓர் அறிவிப்பு கட்டப்பட்டிருந்தது: நடைபாதையில் 20 மீட்டர் உயரத்தில் 5ஜி கம்பம் ஒன்று நிறுவ விண்ணப்பம். இங்கிலாந்தில் இத்தகைய கம்பங்களுக்கு முழுத் திட்ட அனுமதி தேவைப்படுவதில்லை. உள்ளூர் மன்றத்தின் முன்னொப்புதல் போதும். மன்றம் பார்க்க வேண்டியவை இரண்டே: அமைவிடம், தோற்றம். 56 நாளுக்குள் முடிவைத் தெரிவிக்காவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகவே பொருள். அனைத்துலக வரம்புக்கு உட்பட்டிருக்கிறது என்று நிறுவனம் சான்று கொடுத்துவிட்டால், உடல்நலக் காரணத்துக்காக மன்றம் தன் விருப்பத்துக்கு வேறு வரம்பு வைக்கக் கூடாது என்று அவர்களின் தேசியத் திட்டக் கொள்கை சொல்கிறது.

"அண்ணா, புற்றுநோய்னு எழுதினா அந்த வரியைக் கணக்குலயே எடுக்க மாட்டாங்களாம்" என்றாள். அதனால் அந்தத் தெருவில் யாரும் அதை எழுதவில்லை. பயந்தவர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் அழகியல் அறிஞர்கள் ஆனார்கள். இரண்டு மாடி வீடுகளின் கூரைக்கோட்டுக்கு மேல் கம்பம் எவ்வளவு துருத்தும், நடைபாதையில் தள்ளுவண்டி போக எவ்வளவு இடம் மிஞ்சும், செர்ரி மரக் காட்சி எப்படிக் கெடும் என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதினார்கள். மன்றம் தோற்றத்தைக் காரணம் காட்டி மறுத்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. மேல்முறையீட்டு அதிகாரி, அந்தப் பகுதிக்குச் சேவை தர வேறு பொருத்தமான இடம் இல்லை என்று ஏற்றுக்கொண்டு அனுமதித்தார். கம்பம் இப்போது நிற்கிறது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன்: தோற்றுப்போன தங்கை, தோற்றதாகப் பேசவில்லை. யார் முடிவெடுத்தார், எந்தத் தேதியில், என்ன காரணத்துக்காக என்று எட்டுப் பக்கத் தீர்ப்பு அவள் கையில் இருக்கிறது. அதைத் திட்டுவதற்காவது அவளுக்கு ஒரு தாள் இருக்கிறது.

தமிழ்நாட்டில் கதை வேறு. அங்கே ஒருவர் தன் மொட்டை மாடியைக் கோபுரத்துக்கு வாடகைக்கு விடுவார். வாடகை ஒரு வீட்டுக்கு, அச்சம் தெருவுக்கு. பங்காளிச் சண்டையில் பாதி அலையின் பெயரால் நடக்கும். இந்தியா 2012 செப்டம்பர் 1 முதல் தன் வரம்பை அனைத்துலக வரம்பின் பத்தில் ஒரு பங்காக இறக்கியது. அதனால் அச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததா என்றால் அதே ஆண்டு நவம்பரில் ராஜஸ்தான் உயர்நீதிமன்றம் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் அருகில் இருந்த கோபுரங்களை அகற்றச் சொன்னது. வரம்பைத் தாழ்த்தியது, பழைய வரம்பு ஆபத்தானது என்பதற்கான ஒப்புதல் வாக்குமூலமாகவே பலருக்குப் பட்டது. ஆனாலும் ஓர் ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது: 2017-இல் தொடங்கப்பட்ட அரசு இணையவாசலில், உங்கள் வீட்டருகே இருக்கும் கோபுரங்களை வரைபடத்தில் பார்க்கலாம், கட்டணம் கட்டினால் வந்து அளந்தும் காட்டுவார்கள்.

எங்கள் புளோக்குக்குத் திரும்புகிறேன். அண்ணன் ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் எழுதச் சொன்னார், எழுதிக் கொடுத்தேன். ஓர் அலுவலகம் அதை இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பியது. அது மூன்றாவதற்கு அனுப்பியது. மூன்று வாரம் கழித்து வந்த பதில் கண்ணியமாக இருந்தது. ஆண்டெனாக்கள் பாதுகாப்பானவை, அனைத்துலக வரம்புக்கு உட்பட்டவை, அஞ்ச வேண்டியதில்லை. அத்தனையும் உண்மை. ஆனால் நாங்கள் எழுதிய கடிதத்தில் பாதுகாப்பைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. எப்போது முடிவானது, எங்களுக்கு ஏன் தெரிவிக்கப்படவில்லை, அளந்த எண்ணை எங்கே பார்க்கலாம் என்ற மூன்று கேள்விகளைத்தான் கேட்டிருந்தோம். கேட்காத கேள்விக்குப் பதில் வந்தது. ஆண்டெனாவைப் பற்றி யார் எழுதினாலும் அது அச்சத்தால்தான் இருக்கும் என்று பதில் எழுதியவர் முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். கேள்வி கேட்பவர்களுக்கு அச்சம் என்ற ஒரே கதவைத் திறந்து வைத்தால், எல்லோரும் அந்தக் கதவின் வழியாகத்தானே வருவார்கள்? சீனப் பாட்டியின் கட்டில்கூட அப்படித்தான் சுவர் மாறியது என்று நினைக்கிறேன். அவர் பிறகு என்னிடம் சொன்னது, சத்தம் கேட்டபோது கூரை ஒழுகப்போகிறதோ என்றுதான் முதலில் பயந்தாராம்.

நான் கேட்பது ஒரு ஏ4 தாள். வேலை தொடங்க இரண்டு வாரத்துக்கு முன், என்ன வைக்கிறார்கள், எந்தத் திசையைப் பார்த்து, யாரிடம் கேட்கலாம் என்ற விவரம். வைத்து முடித்தபின் மேல்தளத்துத் தாழ்வாரத்திலும், கற்றையின் நேர்முன்னே இருக்கும் எதிர் புளோக்கிலும் அளந்த எண், அதன் பக்கத்திலேயே வரம்பு. எதிர் புளோக்கை மறக்கக் கூடாது. இன்றுவரை அங்கே யாருக்கும் இதில் அக்கறை இல்லை, ஏனென்றால் ஆண்டெனா "எங்கள்" கூரையில் இருக்கிறது. என் தொழிலில் நான் பார்க்கும் குடியிருப்புகளில் இந்தத் தாளை ஒட்டத் தொடங்கியிருக்கிறேன். எந்த விதியும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை; தடுக்கவும் இல்லை. முதல் தாளை ஒட்டிய குடியிருப்பில் எட்டுப் பேர் தொலைபேசியில் அழைத்தார்கள். ஆறு பேர் கேட்டது, வேலை நடக்கும்போது கார்களின் மேல் தூசி விழுமா என்று.

அண்ணனின் மகள் இப்போதும் ஞாயிறுதோறும் பேர்த்தில் இருந்து காணொளியில் அழைக்கிறார். முன்பு அண்ணன் சமிக்ஞைக்காகத் தாழ்வாரத்துக்கு நாற்காலியை இழுத்து வருவார். இப்போது படுக்கையறையில் இருந்தே பேசுகிறார். அதை ஒருமுறை சுட்டிக்காட்டினேன். "அது வேற, இது வேற" என்று முடித்துக்கொண்டார்.

போன வாரம் மின்தூக்கிக்குப் பக்கத்தில் புதிதாக ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். நானும் அண்ணனும் சந்தையில் இருந்து பைகளோடு வந்துகொண்டிருந்தோம். மேற்கூரை நீர்த்தொட்டி கழுவும் பணி, புதன்கிழமை காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை, தடங்கலுக்கு வருந்துகிறோம். அண்ணன் பைகளைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தமிழில் ஒருமுறையும் ஆங்கிலத்தில் ஒருமுறையும் கடைசி வரி வரை படித்தார். பிறகு தாளின் கீழ்முனையை மெல்லத் தூக்கிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.